ஞாயிற்றுக்கிழமை ரொந்தேவூ

காலையில் சட்னிக்குத் தேங்காய் உடைத்தேன். அரிவாளின் பின்பக்கத்தால் ஒரே தட்டுதான், இரண்டு மூடியும் அளந்து வெட்டியதுபோல் சரிபாதியாக வந்தன. துருவி முடித்துக் கொட்டாங்குச்சியைக் குப்பைக்கூடையில் போடப் போன கை பாதியில் நின்றுவிட்டது. இரண்டையும் கழுவி, நாரைச் சுரண்டி, சமையலறை ஜன்னலில் வெயில் படும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பினால் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது, அதை விடுங்கள்.

இது உங்களுடைய வேலை. நான் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டால் போதும், பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து நிற்பீர்கள். துருவிப் போட்ட மூடியைக் காதோரம் வைத்து விரலால் தட்டிப் பார்ப்பீர்கள். பிடித்துவிட்டால், "இந்தா, இத்த எறிஞ்சிடாத, எனக்கு வேணும்" என்பீர்கள். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்று ஒரு பதில். கொட்டாங்குச்சியில் இருக்கட்டும் என்று சொல்ல என்ன இருக்கிறது? அடுத்த வாரம் பார்த்தால் அது ஜன்னலில் இருக்காது.

எனக்கு எதையும் லேசில் நம்ப வராது. தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீன்காரம்மா, "இப்பத்தான் போட்லேர்ந்து எறங்குச்சு, வாங்கிக்கம்மா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. அதோடு நேரு வீதி ஜவுளிக்கடையில் பாதி ஆயுசு நின்றவள். ஒரே டிசைனை இரண்டு கலரில் எடுக்கும் ஆம்பளையைப் பார்த்தால், எந்தப் புடவை வீட்டுக்கு, எந்தப் புடவை வேறெங்கே என்று பில் போடுவதற்குள் சொல்லிவிடுவேன். பக்கத்து கவுன்டர் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன்குழம்புச் சாப்பாடு முடிந்த கையோடு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டி, "ரொந்தேவூ இருக்கு, போய்ட்டு வந்துடறேன்" என்று கிளம்பினீர்களே, உங்கள் தைரியத்தை என்ன சொல்ல!

நீங்கள் வேன் ஓட்டிய அலுவலகம் பிரெஞ்சுக்காரர்களுடையது. அங்கே பொறுக்கிய வார்த்தைகளை வீட்டுக்கும் கொண்டுவருவீர்கள். காபி கொடுத்தால் மெர்சி. வாசலில் தபால்காரர் வந்தால் பொன்ழூர். நான் விழுப்புரம் பக்கத்துப் பெண். ரெட்டியார்பாளையத்தில் நம் தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மெர்சியும் பொன்ழூரும் போகப்போகப் புரிந்துவிட்டன. இந்த ரொந்தேவூ மட்டும் புரியவில்லை. உங்களிடம் கேட்பதற்குக் கௌரவம் பார்த்து, மாடி வீட்டில் காலேஜ் படித்த பெண்ணிடம் கேட்டேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "லவ்வர்ஸ் யாருக்கும் தெரியாம மீட் பண்றது ஆன்ட்டி. இங்கிலீஷ்லகூட சொல்லுவாங்க. ஏன், யாரு சொன்னாங்க?" என்றாள். "டிவியில வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு போட மறந்துபோனேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் குடித்தீர்கள். குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இன்னொன்று கேளுங்கள். அதற்குப் பிறகு ஒருநாள் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கவுன் போட்ட கிழவி, பிரான்சு பென்ஷன் வாங்குகிற குடும்பம் என்று பார்த்தாலே தெரியும். போனில் யாரிடமோ, "நாளைக்கு என்னால முடியாது, எனக்குப் பல் டாக்டரோட ரொந்தேவூ இருக்கு" என்று பஸ்ஸே கேட்கும்படி சொன்னாள். அடக்கடவுளே, இந்த வயசிலா, அதுவும் பல் டாக்டரோடா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆனால் வார்த்தை ஒன்றை வைத்தா நான் சந்தேகப்பட்டேன்? நீங்கள் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு தடயத்தோடு வந்து நின்றீர்கள். சட்டையில் பாச்சை உருண்டை வாசனை. எவள் வீட்டு பீரோவோ என்று நினைத்தேன். ஒருநாள் முழங்கைவரை சட்டைக்கை நனைந்திருந்தது. ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப்பையில் சிவப்புக் கண்ணாடி வளையல் துண்டு. நான் ஆயுசில் சிவப்பு வளையல் போட்டவளில்லை. துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எந்தச் சண்டையில் உடைந்த வளையலோ, எந்தக் கொஞ்சலில் உடைந்த வளையலோ! கொட்டாங்குச்சிக்கும் ஒரு விடை கண்டுபிடித்தேன். அவள் வீட்டில் கரி போடும் இஸ்திரிப்பெட்டி இருக்கிறது, அந்தக் கரிக்குத்தான் கொண்டுபோகிறீர்கள், இந்த வெள்ளைச் சட்டைக்கு அவள்தான் இஸ்திரி போடுகிறாள் என்று முடிவுகட்டினேன். அந்தச் சட்டைக்கு நான்தான் சனிக்கிழமை ராத்திரி இஸ்திரி போடுவேன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை பாருங்கள்.

பிறகு கொலுசு காணாமல்போனது. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் போட்ட வெள்ளிக் கொலுசு. என் வலது கால் சின்ன வயதில் உடைந்து சரியாகக் கூடாதது, ஓர் எட்டு தாமதமாகத்தான் வரும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, நான் காபித் தட்டோடு உள்ளேயிருந்து வர நேரமானது. உங்கள் பெரியம்மா, "பொண்ணுக்குக் கால்ல ஏதாச்சும் கோளாறா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கிசுகிசுத்தாள். அப்போது நீங்கள் சொன்னீர்கள், "வரட்டும், மெதுவா வரட்டும்." அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்த ஒரு பேச்சுக்காக இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் நினைத்ததை உங்களிடம் சொன்னதேயில்லை.

ஜவுளிக்கடையில் சேர்ந்தபோது, கால் சத்தம் கேட்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னதால் கொலுசைக் கழற்றி பீரோவில் வைத்தேன். நம் மகள் சுதாவுக்கு வளைகாப்பு வந்தபோது எடுத்துப் பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. திருடனாக இருந்தால் ஜோடியாக எடுத்திருப்பான். ஒற்றைக் கொலுசை எடுப்பவன் யார்? உங்களிடம் கேட்டேன். "எங்க போவும், இருக்கும் பாரு" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தீர்கள். உங்கள் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பின்னால் வந்தேன். நீங்கள் பைக்கில் போனீர்கள், நான் ஆட்டோவில். மிஷன் வீதிக்குப் பின்னாலிருக்கும் ஒரு சந்தில் பச்சைக் கதவு போட்ட பழைய வீட்டின் முன் வண்டியை நிறுத்தினீர்கள். தட்டியதும் கதவு திறந்தது, உள்ளே போனீர்கள், கதவு மூடியது. ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். பட்டப்பகலில் எதற்கு ஜன்னலைச் சாத்த வேண்டும்? நான் எதிர்ச்சுவரின் நிழலில் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கிழவரின் குரல், "மாலா வர்றா" என்றது. கொலுசுச் சத்தம் கேட்டது. ஒரு பெண் நடந்து வருகிற சத்தம், சந்தேகமேயில்லை. அதற்குமேல் உங்கள் குரல் வந்தது.

"வரட்டும், மெதுவா வரட்டும்."

எனக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருப்பேன். இதைக் கேட்டதும் வந்த ஆட்டோவிலேயே வீட்டுக்குத் திரும்பினேன். சாயங்காலம் நீங்கள் சிரித்த முகமாக வந்து, "டிபன் இன்னா?" என்று கேட்டீர்கள். தோசை ஊற்றினேன். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். நான் எல்லோரையும் சந்தேகப்படுவேன், ஆனால் நீங்கள் என்னிடம் பொய் சொல்ல மாட்டீர்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அதனால்தான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஊரில் எந்த மாலாவையும் நான் நிம்மதியாக இருக்கவிட்டதில்லை. கடையில் நைட்டி பிரிவுக்குப் புதிதாக வந்த மாலாவிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம் அவள், நான் ஏதோ மேனேஜருக்குச் சொந்தம் என்று நினைத்துப் பயந்தாளாம். கீரைக்காரி பெயர் மாலா என்று தெரிந்ததும் கீரை வாங்குவதை நிறுத்தினேன். "ஏம்மா, இப்பல்லாம் கீரையே செய்யறதில்ல?" என்று நீங்கள் கேட்டபோது, "ஏன், கீரைக்காரியைப் பார்க்கலன்னு ஏக்கமா இருக்கா?" என்று திருப்பினேன். நீங்கள் ஒன்றும் புரியாமல் விழித்தீர்கள். என்னமாய் நடிக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. எதையும் கேட்க நேரம் கொடுக்கவில்லை. உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது எல்லோரும் அழுகிறார்கள், நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலா வருவாள், கூட்டத்தோடு கூட்டமாக வந்து ஒரு மூலையில் நின்று அழுவாள், அழுகிற தினுசிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று. அவள் வரவில்லை. நெட்டையாக, நரைத்த தலையைப் படிய வாரிய ஒரு கிழவர்தான் வந்தார். கையில் மாலை இல்லை. கைக்குட்டையில் எதையோ சுற்றி எடுத்து வந்து உங்கள் காலடியில் வைத்து, ராணுவக்காரர் மாதிரி விறைப்பாக ஒரு சலாம் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பிரித்துப் பார்த்தால் இரண்டு கொட்டாங்குச்சி. பிரான்சுக்காரங்க வழக்கமா இருக்கும் என்றார் உங்கள் சித்தப்பா. மாலாவின் அப்பா என்று நான் முடிவுசெய்தேன்.

அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. கோயிலுக்குப் போ என்றார்கள், தியானம் பண்ணு என்றார்கள், மனசை வேறு வழியில் திருப்பு என்றார்கள். புருஷன் செத்த துக்கத்துக்கு ஆறுதல் உண்டு. அந்தப் புருஷன் எனக்கு மட்டும் புருஷனாக இருந்தானா என்று தெரியாதவளுக்கு யார் என்ன சொல்ல முடியும்? அழுதால்கூட, இந்நேரம் அவளும் எங்கேயோ அழுதுகொண்டிருப்பாள் என்று தோன்றும், அழுகை நின்றுவிடும். முழுசாக அழக்கூட நீங்கள் எனக்கு விட்டுவைக்கவில்லை. இதுதான் என் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வீட்டில் தனியாக இருந்தால் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சுதாவுக்குத் தெரிந்துவிட்டது. கதிர்காமத்தில் தன் வீட்டுக்கு வரச்சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரி லேபில் வாரம் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள், பாவம், அன்றைக்குத்தான் அவளுக்கும் ஓய்வு. அப்படிப் போன ஒரு நாள், "அம்மா, நம்ம ஊரைப் பத்தி ஒரு டாக்குமென்டரி வந்துருக்கு, எல்லாம் ஒருமாதிரி ஆளுங்க, பாக்குறியா?" என்று டிவியில் போட்டாள்.

ஒருமாதிரி ஆளுங்க என்றதுமே எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பேரைக் கிறுக்கு என்று காட்டிச் சிரிப்பதற்கு ஒரு படமா? யார் காசு போட்டது, கடைசியில் என்ன விற்கப்போகிறார்கள், சோப்பா, சீட்டுக் கம்பெனியா? "பேசாம பாரும்மா, உனக்குப் போலீஸ் வேலை குடுத்திருக்கணும்" என்றாள் சுதா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிடித்துக்கொடுக்கிற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன்.

முதலில் ஓர் அம்மாள் வந்தாள். தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள், எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை. வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கையசைத்து, "பத்திரமா போய்ட்டு வாங்க" என்று வழியனுப்புகிறாள். கடலூர் பஸ், திண்டிவனம் பஸ், எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். கண்டக்டர்களும் பதிலுக்குக் கையசைக்கிறார்கள். அடுத்து ஒருவர், தெரு நாய்களுக்கு மழைக்கோட்டு தைக்கிறவர். ஒரு நாய்கூடப் போட்டுக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. "அதுக்கு இன்னும் பழக்கம் ஆவல" என்று அடுத்த கோட்டுக்கு அளவு எடுக்கிறார். இன்னொருவர், கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கிப்போட்டுவிட்டுப் போன கிளிஞ்சல்களைச் சேர்த்து மறுபடி கடலில் விடுகிறார். "அதது வூட்டுக்கு அதது போவட்டும்" என்கிறார்.

படம் எடுத்த பிள்ளைகள் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் செய்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். சிரிப்பு வந்த இடத்தில் அந்தக் கிறுக்கர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பஸ்ஸுக்குக் கையசைக்கும் அந்த அம்மாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு லேசானது. கோயிலில் வராத ஆறுதல் இங்கே எப்படி வருகிறது என்று அதன்மேலும் ஒரு சந்தேகம் வந்தது. கதவைப் பார்த்துக்கொண்டு உட்காரும் நானும் இவர்களில் ஒருத்திதானே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, டிவியில் பச்சைக் கதவு வந்தது.

கதவைத் திறந்து வந்தவர் அந்தக் கொட்டாங்குச்சிக் கிழவர். மாலாவின் அப்பா!

தெருவில் அவரை ரேடியோ முசே என்று கூப்பிடுகிறார்களாம், முசே என்றால் ஐயா மாதிரி. பிரான்சுப் பட்டாளத்தில் ரேடியோ வேலை பார்த்த சொல்தா, அதாவது சிப்பாய், கல்யாணம் கட்டாதவர். கூடத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு பழைய மைக். அதிலிருந்து போகும் வயர் மேசைக்குக் கீழே போய், எதிலும் சேராமல் அப்படியே முடிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு, வெளிச்சத்தம் வராமல் பார்த்துக்கொண்டு, அந்த மைக்கில் தெருச் செய்தி வாசிக்கிறார், வானிலை சொல்கிறார், நாடகம் போடுகிறார். யார் கேட்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், "காத்து இருக்கில்ல? போய்ச் சேரும்." பிறகு கேமராவைப் பார்த்து விரலை ஆட்டினார். "ஆனா ரொந்தேவூ இல்லாம யாரும் உள்ள வரக் கூடாது. டாக்டராண்ட போனாலும் ரொந்தேவூ வாங்கணும், ரேடியோவுக்கு வந்தாலும் வாங்கணும். நேரம்னா நேரம்."

பல் டாக்டர்! ரொந்தேவூ என்றால் வெறும் அப்பாயின்ட்மென்ட்தான்! அந்தக் கவுன் போட்ட அம்மாளிடம் நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

முசே ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். கொட்டாங்குச்சி ஜோடியை எடுத்து மேசையில் தட்டினார், குதிரை ஓடியது. வாளித் தண்ணீரில் கையை அளைந்தார், ஆறு கடக்கிற சத்தம். சிவப்புக் கண்ணாடி வளையல் இரண்டை மோதினார், அவை உடைந்தன, கோபித்துக்கொண்டு ஒரு பெண் கையை உதறினாள். கடைசியாக டின்னின் அடியிலிருந்து ஒற்றைக் கொலுசை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு வராது. சத்தம் போடுறதுக்குன்னு ஒருத்தர் வந்துட்டு இருந்தாரு. எங்க நாடகத்துல மாலான்னு ஒரு பொண்ணு. அவ நடை அவரு கையிலதான் இருந்துச்சு. எங்க புடிச்சீரு இந்த நடையன்னு கேட்டேன். என் வூட்டுக்காரி நடை முசே, வலது கால் கொஞ்சம் லேட்டா வரும், அதான் அழகுன்னாரு. அவருக்கு நாடகத்துல டயலாக்கே கெடையாது. ஆனா மாலா வரும்போதெல்லாம் அவரா ஒண்ணு சொல்லுவாரு. வரட்டும், மெதுவா வரட்டும்னு. நான் எழுதாதது அது. நல்லாருக்கு, இருக்கட்டும்னு வுட்டுட்டேன். இப்ப அவரு இல்ல. மாலாவும் வரதில்ல."

"திரும்பப் போடு" என்றேன். சுதா திரும்பிப் பார்த்தாள். "திரும்பப் போடுடி!" மூன்றாம் தடவை பார்த்துவிட்டு எழுந்து அவள் வீட்டு டைல்ஸ் தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நடந்துகொண்டே என் காலையே கேட்டேன். இத்தனை வருஷம் இந்தக் காலில் நடந்திருக்கிறேன், அதற்கு ஒரு சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. சந்துச் சுவரோரம் நின்று காதால் கேட்டவளுக்கே அது தன் நடை என்று அடையாளம் தெரியவில்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. "என்னம்மா ஆச்சு?" என்று சுதா பின்னாலேயே வந்தாள். "கால் மரத்துப்போச்சு" என்றேன்.

இதோடு நம்பிவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? அன்றைக்கு நன்றாக அழுதேன், முழுசாக அழுதேன், அது உண்மை. மறுநாள் காலையில் புத்தி வேலை செய்தது. ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக்கொடுக்க மாட்டான். செத்த கூட்டாளியின் மானத்தைக் காப்பாற்றக் கிழவர் கதை கட்டியிருந்தால்? பீரோவிலிருந்த இன்னொரு கொலுசை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராகப் பச்சைக் கதவுக்குப் போனேன். வழிதான் எனக்குத் தெரியுமே. கதவில் சின்னதாக ஒரு துவாரம் திறந்தது.

"ரொந்தேவூ இருக்கா?"

"இல்லீங்க. நான்…"

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழம இதே நேரம் வாம்மா." துவாரம் மூடிவிட்டது. வெயிலில் நின்று பல்லைக் கடித்தேன். ஆனாலும் அடுத்த வாரம் போனேன்.

உள்ளே பாச்சை உருண்டை வாசனை தூக்கியடித்தது. உங்கள் சட்டை வாசனை. இருந்தாலும் வந்த வேலையை விடவில்லை. கொடியில் என்ன காய்கிறது என்று பார்த்தேன், வேட்டியும் துண்டும்தான். சமையலறையில் ஒற்றை டம்ளர். கண்ணாடியில் பொட்டு ஒட்டிய தடம் இருக்கிறதா என்று தேடினேன். முசே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "வலது கால் லேட்டா வருது. நீங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மாலா உள்ள ஒளிஞ்சுட்டு இல்லம்மா. தேடி முடிச்சுட்டா ஒக்காருங்க" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. முந்தானையை அவிழ்த்துக் கொலுசை மேசையில் வைத்தேன். அவர் டின்னைத் திறந்து தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். கொக்கி போனதற்கு நான் கட்டிய மஞ்சள் நூல் அதில் அப்படியே இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல அவரு?" என்றேன்.

"எப்படிச் சொல்லுவாரு? மைக்மேல கைய வச்சு சத்தியம் பண்ணவரு. சத்தம் யாரு போடுறான்னு வெளியில தெரிஞ்சா நாடகம் போச்சு. குதிரைன்னா குதிரைதான், கொட்டாங்குச்சின்னு தெரியக் கூடாது."

செத்துப்போன மைக். அதன்மேல் ஒரு சத்தியம். அதைக் காப்பாற்றுவதற்கு என்னை இத்தனை வருஷம் எரியவிட்டீர்கள். அங்கே மட்டும் நீங்கள் கையில் கிடைத்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். கிறுக்கு மனுஷா என்று வாய்விட்டுத் திட்டினேன். முசே மறுக்கவில்லை. பிறகு ஜன்னல்களைச் சாத்தினார், மைக்கின் முன்னால் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானாகக் குனிந்து இரண்டு கொலுசையும் காலில் மாட்டிக்கொண்டேன். என்னிடமும் சத்தியம் வாங்கினார். உங்களிடம் சொல்லலாம், நீங்களும் உள்ளே இருந்த ஆள்தானே.

"மாலா வர்றா" என்றார் மைக்கில்.

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்தேன். முசே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். உங்கள் வார்த்தைக்கு இடம் விடுகிறார் என்று புரிந்தது. நான் நடந்துகொண்டேயிருந்தேன், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டேயிருந்தது. அழுகைச் சத்தமும் நன்றாக விழுந்திருக்கும், நாடகத்துக்குத் தோதாக இருக்கும் என்று பிறகு அவர் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். போன வாரம் சுதா போன் செய்து, "ஏம்மா இப்பல்லாம் வூட்டுக்கே வரதில்ல? ஞாயித்துக்கிழமைன்னா எங்கதான் போற?" என்றாள். "ரொந்தேவூ இருக்கு" என்றேன். அவள் மெதுவாக, "யாரு கூட?" என்று கேட்டாள். என் மகள்தான், சந்தேகமேயில்லை. அந்த டாக்குமென்டரியை மட்டும் அவள் என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். தூக்கம் பிடிக்காத மத்தியானங்களில் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் பகுதியை மட்டுமல்ல, முழுசாக. நாய்கள் இன்னமும் கோட்டு போட்டுக்கொள்ளவில்லை.

முக்கால்வாசி நம்பிவிட்டேன். அந்தச் சிவப்பு வளையல் சண்டே மார்க்கெட்டில் வாங்கியது என்கிறார் முசே. இருக்கலாம். ஆனால் அத்தனை கலர் இருக்க, சிவப்பை எடுத்துக் கொடுத்தது யார்? அதை உங்களிடம் நேரில்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒன்றாவது மிச்சம் வைத்துக்கொள்கிறேன், எல்லாவற்றையும் நம்பிவிட்டால் உங்களோடு சண்டை போட எனக்கு என்ன இருக்கும்?

நேற்று பஸ்ஸிலிருந்து இறங்க நேரமானது. பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், கண்டக்டர் விசிலை ஊதி, "சீக்கிரம் எறங்கும்மா" என்றார். முன்பெல்லாம் கூசிப்போவேன். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துத்தான் இறங்குகிறேன். நீங்கள் இருக்கிற இடத்துக்கும் ஒருநாள் வரவேண்டியவள்தான். இங்கே எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது, கொட்டாங்குச்சி காய வேண்டும், நாடகம் பாதியில் நிற்கிறது. இன்னும் காணோமே உன் பெண்டாட்டி என்று அங்கே யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். வரட்டும், மெதுவா வரட்டும் என்று சொல்லுங்கள்.